டீசலா, பெட்ரோலா? கார் வாங்குகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சொந்தத்திலும் தெருவிலும் யார் கார் வாங்கப் போனாலும், ஷோரூமுக்குப் போகும் முன்பு ஒரு போன் எனக்கு வரும். ஆள் மாறினாலும் கேள்வி பெரும்பாலும் மாறுவதில்லை. அதனால் எல்லாவற்றையும் கேட்டபடியே இங்கே எழுதிவைக்கிறேன். கணக்குகளில் வரும் எரிபொருள் விலை, 2024 மார்ச்சில் லிட்டருக்கு 2 ரூபாய் குறைத்த பிறகு சென்னையில் இருந்த விலை: பெட்ரோல் 100.75, டீசல் 92.34. உங்கள் ஊரில் இன்றைக்கு என்ன விலையோ அதைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணே, டீசலா பெட்ரோலா? சுத்தி வளைக்காம ஒரே வார்த்தைல சொல்லுங்க.

பெட்ரோல். எதுவும் தெரியாமல் பதில் சொல்ல வேண்டுமென்றால் அதுதான் பதில். என்னிடம் கேட்கிறவர்களில் பெரும்பாலானோர் மாதம் ஆயிரம் கிலோமீட்டரைத் தொடுவதில்லை. ஓட்டமும் வீட்டிலிருந்து கடை, பள்ளிக்கூடம், கோயில் என்று துண்டு துண்டாகத்தான் இருக்கும்.

இன்னொரு வார்த்தை சேர்க்க அனுமதித்தால், "ஒரு தடவை எடுத்தால் எவ்வளவு தூரம்?" என்று திருப்பிக் கேட்பேன். மாதக் கணக்கைவிட அதுதான் முக்கியம். ஏன் என்பது டிபிஎஃப் என்ற புகை வடிகட்டி பற்றிய கேள்வியில் வருகிறது.

டீசல் விலை கம்மிதானே? அப்புறம் என்ன யோசனை?

கம்மிதான். ஆனால் எவ்வளவு கம்மி என்பதில்தான் காலம் மாறிவிட்டது. 2012-ல் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 25, 30 ரூபாய் வித்தியாசம் இருந்தது. பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை 2010-லேயே எடுத்துவிட்டார்கள். டீசலுக்கு மட்டும் அரசு கைகொடுத்துக்கொண்டிருந்தது. அந்த நாட்களில் சின்ன ஹேட்ச்பேக்கைக்கூட டீசலில் வாங்கினார்கள் என்றால் அதில் நியாயம் இருந்தது.

2013 ஜனவரியிலிருந்து மாதம் 50 பைசா வீதம் டீசல் விலையை ஏற்ற ஆரம்பித்து, 2014 அக்டோபரில் கட்டுப்பாட்டை முழுதாக எடுத்தார்கள். மேலே சொன்ன 2024 விலையில் வித்தியாசம் எட்டு ரூபாய் சொச்சம். சித்தப்பா, மாமா சொல்கிற "டீசல்னா லாபம்டா" என்ற பேச்சு அந்த முப்பது ரூபாய் காலத்துப் பேச்சு. அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்தக் கணக்கு காலாவதியாகிவிட்டது.

டீசல் வண்டி மட்டும் எப்படி அதிக மைலேஜ் தருது?

பெட்ரோல் இன்ஜினில் காற்றும் பெட்ரோலும் கலந்து உள்ளே போகும். ஸ்பார்க் பிளக் பற்றவைக்கும். அந்தக் கலவையை ரொம்ப அழுத்தினால் தானாகவே முன்கூட்டி வெடித்து இன்ஜின் தட்டும். அதனால் பத்து மடங்கு, பதினொரு மடங்கோடு அழுத்தத்தை நிறுத்திக்கொள்கிறார்கள். டீசலில் வெறும் காற்றைத்தான் பதினைந்து, பதினாறு மடங்குக்கு அழுத்துகிறார்கள். அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். அதிகமாக அழுத்தி எரிக்கும்போது அதே சூட்டிலிருந்து அதிக வேலை கிடைக்கிறது.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிடச் சக்தியே பத்து சதவீதத்துக்கு மேல் அதிகம். ஆகவே லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று ஒப்பிடும்போது டீசலுக்கு முதலிலேயே கொஞ்சம் மார்க் போட்டுவிடுகிறோம்.

மாசம் எத்தனை கிலோமீட்டர் ஓடினா டீசல் கட்டுபடியாகும்?

உதாரணத்துக்கு ஹூண்டாய் கிரெட்டாவை எடுத்துக்கொள்வோம். 1.5 லிட்டர் இன்ஜின், கையால் கியர் போடும் வண்டி. நிறுவனம் சொல்லும் மைலேஜ் பெட்ரோலுக்கு 17.4, டீசலுக்கு 21.8. நம் ரோட்டில் அது கிடைக்காது. டவுனும் ஹைவேயும் கலந்து பெட்ரோலுக்கு 14, டீசலுக்கு 18 என்று வைத்துக்கொள்ளலாம். பெட்ரோல் வண்டிக்குக் கிலோமீட்டருக்கு 7 ரூபாய் 20 காசு, டீசல் வண்டிக்கு 5 ரூபாய் 13 காசு. மிச்சம், கிலோமீட்டருக்கு 2 ரூபாய் சொச்சம்.

இப்போது வண்டி விலை. இரண்டுக்கும் ஷோரூம் விலையில் ஒன்றரை லட்சம் வித்தியாசம் என்று வையுங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சம் வரை உள்ள வண்டிக்குச் சாலை வரி 18 சதவீதம். ஒன்றரை லட்சத்துக்கு 27,000 ரூபாய் வரி. இன்சூரன்ஸும் சேர்த்தால் 1.8 லட்சத்தைத் தொடும். அதைக் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாயாகத் திரும்ப எடுக்க ஏறக்குறைய 87,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். மாதம் 2,000 ஓடினால் மூன்றரை வருடம். 1,000 ஓடினால் ஏழு வருடத்துக்கு மேல். 500 ஓடினால் பதினான்கு வருடம் தாண்டும். அதற்குள் வண்டியையே மாற்றிவிடுவீர்கள்.

லோன் போட்டால் இன்னும் கூடும். அந்த 1.8 லட்சத்துக்கு 9 சதவீத வட்டியில் ஐந்து வருடத் தவணை என்றால் வட்டி மட்டும் 44,000 ரூபாய். அப்போது கணக்கு ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிடும். விற்கும்போது டீசல் எஸ்யூவிக்கு நல்ல விலை கிடைப்பது உண்மைதான். அதில் கொஞ்சம் திரும்பி வரும். ஆக என் கோடு இது: மாதம் 1,500-க்குக் கீழே டீசலைப் பற்றி யோசிக்க வேண்டாம், 2,000-க்கு மேல் தாராளமாக யோசிக்கலாம். நடுவில் இருப்பவர்கள் கடைசி இரண்டு கேள்விகளைப் படியுங்கள்.

ஷோரூம் விலையில பெருசா வித்தியாசம் இல்ல, ஆன்-ரோடு விலையில மட்டும் எகிறுதே?

பத்து லட்சத்தை ஒட்டிய வண்டியாக இருக்கும். ஐந்து முதல் பத்து லட்சம் வரை சாலை வரி 13 சதவீதம். பத்தைத் தாண்டினால் மொத்த விலைக்கும் 18. பெட்ரோல் வண்டி ஒன்பதரை லட்சம் என்றால் வரி 1,23,500. அதே வண்டி டீசலில் பதினொரு லட்சம் என்றால் வரி 1,98,000. வரியில் மட்டும் 74,500 வித்தியாசம். ஷோரூமில் இதை அவர்களாக எடுத்துச் சொல்ல மாட்டார்கள். ஆன்-ரோடு விலையை வரி வரியாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஜிஎஸ்டியைப் பொறுத்தவரை, 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குள் அடங்கும் வண்டிகளுக்கு 18 சதவீதம். பெட்ரோல் என்றால் 1,200 சிசி, டீசல் என்றால் 1,500 சிசி வரை. இந்த அளவைத் தாண்டினால் 40. முன்பு சின்ன டீசல் வண்டிக்குக் கூடுதலாக இருந்த செஸ் இப்போது இல்லை.

சின்ன கார்ல டீசலே வர்றதில்லையாமே, ஏன்?

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. அதற்கு முன்பு இருந்தது பிஎஸ்-4. டீசல் கார் வெளியிடும் நைட்ரஜன் ஆக்சைடு கிலோமீட்டருக்கு 0.25 கிராமிலிருந்து 0.08 கிராமுக்கு இறங்க வேண்டும். புகைத்துகள் அதைவிட அதிகமாகக் குறைய வேண்டும். அதற்கான கருவிகளை மாட்டினால் விலை ஏறும். பதினைந்து லட்ச ரூபாய் வண்டியில் அந்த ஏற்றம் கரைந்துவிடும்; ஆறு லட்ச ரூபாய் வண்டியில் உறுத்தும். மாருதி அந்த ஏப்ரலோடு டீசலையே விட்டுவிட்டது. டாடா அல்ட்ராஸ் மட்டும் டீசல் ஹேட்ச்பேக்காகத் தாக்குப்பிடித்தது.

டிபிஎஃப் அடைச்சுக்கும், லட்ச ரூபா செலவு வைக்கும்னு பயமுறுத்துறாங்களே?

பயமுறுத்துவதில் பாதி உண்மை இருக்கிறது. டிபிஎஃப் என்பது புகைபோக்கி வழியில் இருக்கும் வடிகட்டி. டீசல் புகையில் வரும் கரித்துகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைந்ததும் அந்தக் கரியை வண்டியே எரித்துச் சாம்பலாக்கும். எரிய 550, 600 டிகிரி சூடு வேண்டும். ஹைவேயில் போனால் அது நீங்கள் அறியாமலே நடந்து முடிந்துவிடும். தினமும் இரண்டு கிலோமீட்டர் போய் நிறுத்தினால் இன்ஜின் சூடேறுவதற்குள் ஆஃப் ஆகிவிடும். கரி சேர்ந்துகொண்டே போகும். முதல் பதிலில் ஒரு தடவைக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டது இதற்காகத்தான்.

அடைப்பு கூடினால் டேஷ்போர்டில் விளக்கு எரியும். அது எரிந்தவுடன் பைபாஸுக்குப் போய் அறுபதுக்குக் குறையாத வேகத்தில் இருபது, இருபத்தைந்து நிமிடம் நிற்காமல் ஓட்டினால் பெரும்பாலும் அணைந்துவிடும். ஓட்டும் முறை வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும், கையேட்டில் இருக்கும். விளக்கைப் பார்த்தும் பார்க்காத மாதிரி வாரக்கணக்கில் ஓட்டுகிறவர்களுக்குத்தான் ஒர்க் ஷாப் செலவு வருகிறது. முழுதாக அடைத்து மாற்ற நேர்ந்தால் லட்சத்தைத் தொடும் வண்டிகளும் உண்டு.

சும்மா நிற்கும்போது இன்ஜின் சத்தம் கூடியிருக்கிறது, ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கிறது, மைலேஜ் திடீரென்று குறைகிறது என்றால் கரி எரிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். முடிந்தால் அப்போது நிறுத்தாதீர்கள். பாதியில் நிறுத்தி நிறுத்திப் பழகினால் எரிக்கப் பீய்ச்சிய டீசல் கொஞ்சம் ஆயிலில் இறங்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறைவதற்குப் பதில் ஏறினால் உடனே காட்டுங்கள். ஆயில் மாற்றும்போது டிபிஎஃப் வண்டிக்கான சாம்பல் குறைந்த ஆயில்தான் ஊற்ற வேண்டும். தெரிந்த மெக்கானிக் ஆயிற்றே என்று எதையாவது ஊற்றவிடாதீர்கள்.

டீசல் வண்டிக்கு யூரியா ஊத்தணுமாமே? வீட்ல வயலுக்கு வாங்கின மூட்டை இருக்கு...

வேண்டவே வேண்டாம். வண்டிக்கு ஊற்றுவது ஆட்புளூ என்கிற திரவம்; 32.5 சதவீதம் சுத்தமான யூரியா, மிச்சம் தாது நீக்கிய தண்ணீர். வயல் யூரியா வேப்பெண்ணெய் பூசியது, உரத்துக்கானது. அதைக் கரைத்து ஊற்றினால் புகையைச் சுத்தம் செய்யும் கருவி கெட்டுப்போகும். இந்தக் கேள்வி விளையாட்டாக வருவதில்லை, நிஜமாகவே கேட்கிறார்கள்.

எல்லா டீசல் காருக்கும் ஆட்புளூ தேவையில்லை. மஹிந்திரா எக்ஸ்யூவி 700 போன்ற வண்டிகளுக்குத் தேவை. தீரும் முன்பு வண்டி பல தடவை எச்சரிக்கும். அதையும் மீறிக் காலியாக விட்டால் அடுத்த முறை ஸ்டார்ட் ஆகாது.

சர்வீஸ் செலவு டீசலுக்கு ரொம்ப அதிகமா?

வழக்கமான சர்வீஸில் வருடத்துக்குச் சில ஆயிரம் கூடும், அவ்வளவுதான். டீசல் ஃபில்டர், கூடுதல் ஆயில். வித்தியாசம் பெரிய ரிப்பேரில் தெரியும்: இன்ஜெக்டர், டர்போ, ஃபியூவல் பம்ப் எல்லாமே விலை கூடியவை. வாரண்டிக்குள் கவலையில்லை. எட்டு வருடம் கழித்து இரண்டாவது, மூன்றாவது கைக்குப் போகும்போதுதான் அந்தச் செலவு ஒருவர் தலையில் விழும்.

இ20 பெட்ரோல்ல மைலேஜ் போயிடுச்சுனு எல்லாரும் புலம்புறாங்க. அதுக்காகவாவது டீசல் போகலாமா?

இ20 என்றால் இருபது சதவீதம் எத்தனால். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. அதனால் மைலேஜ் குறையத்தான் செய்யும். இ20-க்குத் தயாராக இல்லாத பழைய கார்களில் 6, 7 சதவீதம் வரை குறையலாம் என்று 2021-ல் நிதி ஆயோக் அறிக்கையே சொன்னது. டீசலில் இந்தக் கலப்பு இல்லை.

ஆனால் மேலே போட்ட கணக்கில் பெட்ரோலுக்கு 14-க்குப் பதில் 13.3 போட்டுப் பாருங்கள். மிச்சம் கிலோமீட்டருக்கு நாற்பது காசு கூடும். 87,000 என்பது 74,000-க்கு அருகில் வரும். மாதம் 600 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு அதுவும் பத்து வருடம். பழைய பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்கள் ரப்பர் குழாய்களை ஒரு தடவை பார்க்கச் சொல்வது நல்லது. மாதக்கணக்கில் வண்டியை எடுக்காமல் டேங்கில் பெட்ரோலோடு நிறுத்தவும் வேண்டாம்; எத்தனால் ஈரத்தை இழுக்கும்.

ஏழு பேரு, ஏசி போட்டு கொல்லிமலை ஏறணும். பெட்ரோல் இழுக்குமா?

இழுக்கும், ஆனால் கத்திக்கொண்டு இழுக்கும். கிரெட்டா ஐந்து பேர் வண்டிதான்; இன்ஜினை மட்டும் ஒப்பிட அதையே எடுத்தால், சாதாரண பெட்ரோல் இன்ஜினின் டார்க், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் இழுவை, 144 நியூட்டன் மீட்டர். அதுவும் இன்ஜின் நிமிடத்துக்கு 4,500 சுற்று சுற்றும்போதுதான் முழுதாகக் கிடைக்கும். டீசலில் 250, அதுவும் 1,500 சுற்றிலேயே. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொன்றிலும் வேகம் செத்து மறுபடி எடுக்க வேண்டும். பெட்ரோலில் முதல் கியருக்கும் இரண்டாவது கியருக்கும் கை ஓயாது. டீசல்காரர் இரண்டாவதிலேயே நிதானமாக ஏறிவிடுவார். ஓட்டுகிற சுகம் என்று பார்த்தால் இங்கே டீசலுக்குத்தான் என் ஓட்டு.

டர்போ பெட்ரோல் இந்த இடைவெளியை மூடிவிட்டது. கிரெட்டா டர்போ பெட்ரோலில் 253 நியூட்டன் மீட்டர், 1,500 சுற்றிலிருந்து. ஆனால் கனமான காலோடு ஓட்டினால் மைலேஜ் பத்துக்குக் கீழே போகும். வருடத்துக்கு இரண்டு தடவை மலை ஏறுவதற்காக மட்டும் இன்ஜினைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

பழைய ஸ்விஃப்ட் டீசல் ஒண்ணு மலிவா வருது. வாங்கலாமா?

அதில் இருப்பது ஃபியட்டின் 1.3 லிட்டர் இன்ஜின். ஸ்விஃப்ட், ரிட்ஸ், டிசையர், டாடா விஸ்டா என்று அத்தனை வண்டிகளிலும் ஓடியது. பார்க்கத் தெரிந்த மெக்கானிக்கும் பாகங்களும் எந்த ஊரிலும் கிடைக்கும். பிஎஸ்-6 வந்ததோடு அதன் காலம் முடிந்தது. பிஎஸ்-4 வண்டி என்பதால் ஆட்புளூ தொல்லையும் இல்லை.

காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். ஒரே சாவியில் பிடிக்க வேண்டும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று காற்று அடித்தால் பிஸ்டன் பக்கம் தேய்ந்திருக்கிறது. மீட்டரில் காட்டும் கிலோமீட்டரை நம்பாதீர்கள், சர்வீஸ் பதிவைக் கேளுங்கள். பத்து வருட டீசல் வண்டி 45,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்றால், அத்தனை குறைவாக ஓட்டுகிறவர் ஏன் டீசல் வாங்கினார் என்று நானாக இருந்தால் முதலில் கேட்பேன்.

டெல்லி வண்டி பாதி விலைக்குக் கிடைக்குது. அங்கே தடையாமே, இங்கேயும் வருமா?

டெல்லியிலும் அதைச் சுற்றியுள்ள தலைநகர் வட்டாரத்திலும் பத்து வருடம் தாண்டிய டீசல், பதினைந்து தாண்டிய பெட்ரோல் வண்டிகள் ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. 2025 ஜூலையில் அப்படிப்பட்ட வண்டிகளுக்கு பங்கில் எண்ணெயே கொடுக்கக் கூடாது என்று ஆரம்பித்து, எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்திவைத்தார்கள். அந்த விதி அந்த வட்டாரத்துக்கானது. தமிழ்நாட்டில் பெட்ரோலோ டீசலோ, சொந்தக் காருக்குப் பதினைந்து வருடப் பதிவு; பிறகு வண்டியைக் காட்டிப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

மலிவாக வருவது இதனால்தான். ஆனால் அங்கிருந்து என்ஓசி (ஆட்சேபனை இல்லை என்ற சான்று) வேண்டும், லோன் பாக்கி இருக்கக்கூடாது, இங்கே ஆர்டிஓவில் மறுபதிவு செய்து சாலை வரியும் கட்ட வேண்டும். வேறு மாநில வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் அதே எண்ணில் ஓட்ட சட்டம் இடம் தராது. வரியையும் சேர்த்துப் பார்த்தால் "பாதி விலை" முக்கால் விலையாகிவிடும். என்ஓசி கையில் வரும் முன்பு முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

பங்க்ல பையன் மாத்தி ஊத்திட்டான்! இப்போ என்ன பண்றது?

ஸ்டார்ட் செய்யாதீர்கள். சாவியையே திருகாதீர்கள், சில வண்டிகளில் அதற்கே பம்ப் ஓட ஆரம்பிக்கும். தள்ளி ஓரமாக நிறுத்தி டேங்கைக் காலி செய்யச் சொல்லுங்கள். டீசல் வண்டியில் பெட்ரோல் போவதுதான் மோசமானது: டீசலின் வழவழப்பை நம்பித்தான் அந்தப் பம்பும் இன்ஜெக்டரும் ஓடுகின்றன. சர்வீஸ் செலவு பற்றிய பதிலில் விலை கூடியவை என்று சொன்னேனே, அதே பாகங்கள்தான்.

தினமும் அறுபது கிலோமீட்டர் ஓட்டுறேன், ஆனா எல்லாமே சென்னை டிராஃபிக். நான் எந்தப் பக்கம்?

கஷ்டமான கேள்வி. மாதம் 1,500 கிலோமீட்டர். நெரிசலில் பெட்ரோல் 11, டீசல் 14 தந்தால் மிச்சம் கிலோமீட்டருக்கு இரண்டரை ரூபாய். நான்கு வருடத்துக்குள் போட்டது வந்துவிடும். டிபிஎஃப் பக்கம் பார்த்தால், ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓடும் இன்ஜின், இரண்டு கிலோமீட்டரில் அணையும் இன்ஜின் அளவுக்கு அடைக்காது. வாரத்துக்கு ஒரு தடவையாவது வண்டலூர் வெளிவட்டச் சாலை மாதிரி ஒரு நல்ல ரோடு கிடைக்குமென்றால் டீசல் ஓடும்.

ஆனால் உங்களுக்கு நான் முதலில் காட்டுவது ஹைப்ரிட், அதாவது பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் சேர்ந்த வண்டி. நின்று நின்று போகும் ஓட்டத்தில்தான் அதன் மோட்டாருக்கு வேலை அதிகம். மாருதி கிராண்ட் விட்டாராவின் ஸ்ட்ராங் ஹைப்ரிட்டுக்கு நிறுவனம் சொல்வது 27.97, அதில் முக்கால்வாசி கிடைத்தாலே டீசலை முந்திவிடும். விலை அதிகம், அதை உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். டிக்கி போனாலும் பரவாயில்லை, பங்கில் வரிசையில் நிற்கலாம் என்றால் கம்பெனியே பொருத்தித் தரும் சிஎன்ஜியும் உண்டு.

வார நாள்ல பிள்ளைய ஸ்கூல்ல விட மூணு கிலோமீட்டர். மாசம் ரெண்டு தடவை சென்னையிலிருந்து திருநெல்வேலி. டீசல் அடைச்சுக்குமா?

அடைக்காது. திருநெல்வேலி ஒரு வழி 620 கிலோமீட்டர்; இரண்டு தடவை போய் வந்தால் மாதம் 2,500. இரண்டு வாரம் சேர்ந்த கரி செங்கல்பட்டு, திண்டிவனம் தாண்டும்போதே எரிந்திருக்கும். பணக் கணக்கும் உங்கள் பக்கம்தான். இந்தப் பக்கத்தில் தயக்கமில்லாமல் டீசல் வாங்கச் சொல்வது உங்களைத்தான். ஒன்று மட்டும்: ஊர்ப் பயணம் ஒரு மாதம் தள்ளிப்போனால், ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு செங்கல்பட்டு வரைக்குமாவது போய்விட்டு வாருங்கள்.